கிழிந்த காகிதத்தை நம்பலாமா?

அமெரிக்காவில் மான் வேட்டைப் பருவம் நெருங்கியதும் வில் கடைகளில் காகிதச் சட்டங்களை நிறுத்திவிடுவார்கள். ஆறடி தள்ளி நின்று, இழுத்துக் கட்டிய தாளுக்குள் அம்பை எய்ய வேண்டும். முனை போட்ட ஓட்டையைச் சுற்றியே இறகுகளின் கீறலும் விழுந்தால் அம்பு நேராகப் போகிறது. வால் மேலே கிழித்திருந்தால் நாணில் அம்பு கோக்கும் இடத்தை இறக்குவார்கள். கிழிசல் சுத்தமானதும் பலர் வில்லை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். என் கணக்கில் அது பாதி வேலைதான்.

நாணிலிருந்து விடுபட்ட அம்பு வளைந்து நெளிந்தபடியேதான் பறக்கிறது. 1930களிலேயே இயற்பியலாளர் கிளாரன்ஸ் ஹிக்மன் அதை அதிவேகப் படமெடுத்துக் காட்டிவிட்டார். காகிதத்தில் பதிவது அந்த நெளிவின் ஒரு கணம். மிச்சமிருக்கும் கோணலைப் பின்னாலுள்ள இறகுகள் போகிற வழியில் சரிசெய்துவிடுவதால், பயிற்சி முனையோடு எய்கிறவருக்குத் தவறு கண்ணில் படுவதே இல்லை. அதே அம்பில் நிலையான அலகுள்ள பிராட்ஹெட்டை, அதாவது வேட்டைக்கான வெட்டுமுனையை, மாட்டினால் கதை மாறுகிறது. அலகுகளும் காற்றைப் பிடிக்கின்றன. இறகோடு இழுபறி தொடங்குகிறது. உதாரணத்துக்கு, 30 கஜத்தில் பயிற்சி அம்புகள் நடுவில் நிற்க, பிராட்ஹெட் ஒரு சாண் வலப்பக்கம் குத்தி நிற்கும். வில்லில் அம்பு தங்கும் ரெஸ்ட்டைக் கடுகளவு இடப்பக்கம் நகர்த்தி மறுபடி எய்ய வேண்டும். இரண்டும் ஒன்றுசேரும்வரை இதே வேலைதான். அலுப்பான வேலை, ஒப்புக்கொள்கிறேன்.

அலுத்தவர்கள், பறக்கும்போது மடிந்திருந்து பட்டதும் விரியும் அலகுகளுக்குத் தாவுகிறார்கள். அவை பயிற்சி முனையைப் போலவே பறக்கும் என்பது பெரும்பாலும் உண்மை. ஆனால் கோணல் மறைகிறதே தவிர, தீர்வதில்லை. சாய்ந்து போய்ப் படும் அம்பு பக்கவாட்டில் வளைந்து வேகத்தை வீணாக்கும். அலகை விரிக்கவும் மிச்சமிருக்கும் விசையில்தான் ஒரு பங்கு செலவாகும். ஆழம் குறையும். அடிபட்ட மான் ஓடிவிடும்.

அடுத்தது எடைச் சண்டை. அம்பு துளைக்கும் ஆழத்தை ஆராய்ந்த எட் ஆஷ்பியின் ஆய்வைக் காட்டி, அம்பு 650 கிரெயின், அதாவது 42 கிராம் இருந்தால்தான் கனத்த எலும்பைத் துளைக்கும் என்று வாதாடுகிறார்கள். அவருடைய 12 அம்சப் பட்டியலில் முதலிடம் அம்பின் உறுதிக்கு, இரண்டாமிடம் நேரான பறப்புக்கு. எடை அதற்கும் கீழேதான் வருகிறது. எடைக் கட்சிக்காரர்கள் பட்டியலைக் கீழிருந்து படிக்கிறார்கள் போலும். வெள்ளைவால் மானோ நாண் ஓசை கேட்டதும் பதுங்கும். நொடிக்கு 280 அடி போகும் அம்பு 30 கஜத்தை 0.32 நொடியில் கடக்கும்; கனத்து 225 அடியாகக் குறைந்தால் 0.40 நொடி. மானுக்குப் பதுங்க அவ்வளவு கூடுதல் நேரம். எல்க் என்ற பெரிய மானின் வேட்டைக்குக் கனம் நியாயம், வெள்ளைவால் மானுக்கு அவ்வளவு தேவையில்லை.

ஆக, காகிதம் தொடக்கத்துக்குச் சரி. தீர்ப்பு சொல்ல வேண்டியது பிராட்ஹெட்தான். அதுவும் கை பழகிய பத்தாவது அம்பில் அல்ல, காலையில் எய்யும் முதல் அம்பில். தடித்த குளிர்கோட்டைப் போட்டுக்கொண்டு மரப் பரணிலிருந்து எய்தால்தான் நாண் கோட்டுக்கையில் உரசுவது தெரியும். அந்த முதல் அம்பு 40 கஜத்தில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குள் நிற்காவிட்டால், 25 கஜத்துக்கு அப்பால் நிற்கும் மானை வேட்டைக்காரர் விட்டுவிட வேண்டும்.