எஞ்சாமியும் எஞ்சியவர்களும்

2021 மார்ச்சில் தீயும் அறிவும் பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' வெளியானது. சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில், கனடாத் தமிழர்கள் தொடங்கிய மாஜா நிறுவனத்தின் வழியே வந்த அந்தத் தனிப்பாடல் யூடியூபில் நூற்றுக்கணக்கான மில்லியன் தடவைகள் பார்க்கப்பட்டது. அரக்கோணத்துக்காரரான அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து இந்தியாவுக்குத் திரும்பியவர் என்ற செய்தியும் பாட்டோடு சேர்ந்தே உலகம் சுற்றியது. அதே மார்ச்சில்தான் இங்கே, இலங்கையில், சம்பளச் சபை, தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளத்தை ஆயிரம் ரூபாவாக்கியது; அது பல ஆண்டுகளாக இழுபட்ட கோரிக்கை. இரண்டு செய்திகளும் ஒரே கைபேசிக்குள் வந்து விழுந்தும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளவில்லை. பாடலைப் பாராட்டியவர்களில் பெரும்பாலானோர் தோட்டத்தை முடிந்துபோன கதையாகவே கண்டனர். கேகாலை மாவட்டத் தோட்டப்பகுதியான புளத்கொகுபிட்டியவிலிருந்து கேட்பவருக்கு உறுத்துவது இதுதான். அந்தக் குறை அறிவின் பார்வையில் உள்ளதா, பாடல் ஏறிப் போன வண்டியில் உள்ளதா? வண்டியில் என்பேன்.

இதற்கு 2019இல் அறிவும் இசையமைப்பாளர் ஆஃப்ரோவும் இருவராகச் சேர்ந்து வெளியிட்ட 'தெருக்குறள்' தொகுப்பே சான்று. 'ஆன்டி இந்தியன்', 'கள்ள மௌனி' போன்ற பாடல்கள் ஏங்குபவை அல்ல, வழக்காடுபவை. தூத்துக்குடியில் போராட்டக்காரர்கள் மீதான பொலிஸ் துப்பாக்கிச்சூட்டில் கொல்லப்பட்ட இளம்பெண்ணின் பெயரையே ஒரு பாட்டு தலைப்பாகத் தாங்கியது. அடுத்து, இந்தியக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிரான போராட்டங்களின் நடுவே இவர்களின் 'சண்ட செய்வோம்' வந்தது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து வந்தோரை மட்டும் கணக்கில் எடுத்த அந்தச் சட்டம், தமிழக முகாம்களில் இருந்த இலங்கை அகதிகளை வெளியே நிறுத்தியது. அவர்களுள் மலையகத் தோட்டத் தொழிலாளர் வம்சாவளியினரும் உண்டு. இலங்கையின் 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால் ஒரே எழுத்தில் நாடற்றவர்களாக்கப்பட்ட மக்களுக்கு இது பழக்கமான கதை. ஆகவே தேயிலை என்ற சொல்லே தேவைப்படாத 'சண்ட செய்வோம்'தான், 'எஞ்சாமி'யைவிட எங்கள் லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்கு, அருகில் நிற்கிறது. இதை யாரும் சொல்லாதது எனக்கு வியப்பே.

'எஞ்சாமி' வேறு இலக்கணம் கொண்டது. காடு, விதை, முன்னோர், இழந்த நிலம் என்று அது காலத்தைப் பின்னோக்கி விரிக்கிறது. மொழி தெரியாதவரையும் ஆடவைக்கும் பாட்டுக்கு அந்த விரிவு உதவும். திகதியும் ஊர்ப்பெயரும் அங்கே பாரம். ஆனால் மலையகத்தின் வரலாறே திகதிகளால் ஆனது. 1964 ஒக்டோபர் 30இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. வள்ளியம்மாளின் கதை முதல் தொகையைச் சேர்ந்தது. இரண்டாவது தொகையின் பேரப்பிள்ளைகளே இன்று சப்ரகமுவவின் கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களில் கொழுந்து பறிப்பதும் றப்பர்ப் பால் வெட்டுவதும். சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடப்பதால், மலையகத் தமிழர் செறிந்த நுவரெலியாவுக்குக் கிடைக்கும் அரசியல் பலமும் இவர்களுக்கு இல்லை. இவர்கள் நிலத்தை இழந்து எங்கும் போனவர்கள் அல்லர். நிலத்தின் மேலேயே உறுதிப்பத்திரம் இல்லாமல் இருப்பவர்கள். 2016 மே 17 அன்று பெருமழையில் புளத்கொகுபிட்டிய களுபான தோட்டத்தில் மண் சரிந்து லயத்தை மூடியது; பலர் மாண்டனர். மண்ணை முன்னோரின் கொடையென்று பாடும் பாட்டுக்குள் இந்த மண்ணை எங்கே வைப்பது?

பாட்டு என்ன ஆணைக்குழு அறிக்கையா என்று கேட்கலாம். அல்லதான். பேரன் தன் பாட்டியைத்தான் பாட முடியும், மற்றவர்களின் பாட்டிகளை அல்ல என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. பிரதிநிதித்துவம் கேட்டு ஒரு கலைஞனின் கழுத்தில் கத்தி வைப்பது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் 'தெருக்குறள்' செய்தவருக்கு நிகழ்காலம் பாடத் தெரியாது என்று சொல்ல முடியாது. உலகச் சந்தை அவரிடமிருந்து எதைப் பெரிதாக்கியது என்பதுதான் விஷயம். உள்ளூர் அரசோடு சண்டை பிடிக்கும் பாட்டு எல்லை தாண்டுவது கடினம். பொதுவான துக்கமோ விசா இல்லாமலே போகும்.

'எஞ்சாமி'க்குப் பிறகு வந்த உரிமைச் சர்ச்சை ஊரறிந்தது. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியாவின் அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. 2022 ஜூலையில் சென்னைச் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க மேடையில் அப்பாடல் பாடப்பட்டபோதும் அறிவு இல்லை. பாடல் தன் உழைப்பு என்றார் அறிவு. அது கூட்டு உழைப்பு, வருமானத்திலும் சமபங்குதான் என்று விளக்கம் தந்தார் சந்தோஷ் நாராயணன். அப்பாட்டால் தங்களுக்கு ஒரு காசும் வரவில்லை என்று 2024இல் அவரே சொன்னார். தோட்டக் கூலியின் பேரனும் சுரண்டப்பட்டான் என்று பலர் இதை உவமையாக்கினர். அந்த உவமை எனக்கு ஒப்பவில்லை. பாடகருக்கு ஒப்பந்தம் உண்டு, வழக்கறிஞர் உண்டு, கோபத்தைச் சொன்னால் கேட்க இலட்சம் பேர் உண்டு. வேலைக்குப் பெயர் பதியும் பெரட்டுக்களத்தில் பெயர் வெட்டப்பட்டவளுக்கு இவற்றில் எதுவும் இல்லை. இரண்டையும் ஒன்றாக்கினால் அவளுடைய வழக்குத்தான் நீர்த்துப்போகும்.

மேடைகளின் பயணமும் இதே வழியில்தான். 2023 ஒக்டோபரில் சந்தோஷ் நாராயணனின் 'யாழ் கானம்' இசை நிகழ்ச்சி யாழ்ப்பாண முற்றவெளியில் நடந்தது. கட்டணமில்லாவிட்டாலும், சப்ரகமுவத் தோட்டத்திலிருந்து யாழ்ப்பாணம் போய்வரச் செலவாகும் நாட்களுக்குப் பெயர் விழாது, சம்பளமும் இல்லை. 2024இல் அறிவு தன் தொகுப்புக்கு 'வள்ளியம்மா பேராண்டி' என்றே பெயரிட்டார். பாட்டியின் பெயர் நிறுவனத்தின் விளம்பரத்திலிருந்து பேரனின் கைக்குத் திரும்பியது, அது நல்லது. இக்கரையில், இலங்கையிலேயே, நின்றவர்களின் பாட்டுக்கு மலையகக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய நாட்டார் பாடல்கள் அடிமணையாக உண்டு, தப்புப் பறையும் உண்டு. எழுதப் போகிறவர் 'எஞ்சாமி'யின் மாதிரியை விட்டு, அறிவும் ஆஃப்ரோவும் பழகிய மாதிரியை எடுக்கட்டும்: ஆள், இடம், திகதி. களுபான, மே 17 என்பதிலேயே ஒரு பாட்டு தொடங்கலாம்.