தேனுண்ணிப் பறவையும் தேன் பொசமும்: ஈரின ஒப்பீட்டின் வலிமையும் வரம்பும்

மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்குப் பகுதியில் பாங்க்சியாப் புதர்கள் பூக்கும் காலத்தில், நியூ ஹாலந்து தேனுண்ணி என்னும் பாடும் பறவை பகலிலும், குட்டியை வயிற்றுப் பையில் வளர்க்கும் பைம்மா இனத்தைச் சேர்ந்த தேன் பொசம் பெரும்பாலும் இருட்டிய பின்னும் மலர்த்தேனை நாடி வருகின்றன. பறவையின் எடை ஏறத்தாழ 20 கிராம். பொசத்தின் எடை அதில் பாதிதான். இத்தகைய இணைகளை அருகருகே நிறுத்திக் காரணம் காண்பது உயிரியலில் நெடுங்கால வழக்கம். ஒற்றுமையைக் காட்டுவதில் அது வலுவானது. வேறுபாட்டை விளக்கப் புகும்போதே சறுக்குகிறது.

இரண்டின் நாவும் நுனியில் தூரிகை போன்றது. பறவைகளும் பாலூட்டிகளும் 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்த கால்வழிகள். அவற்றின் பொது மூதாதை வாழ்ந்த காலத்தில் பூக்கும் தாவரங்களே இல்லை. எனவே அந்நாவு தனித்தனியே தோன்றியிருக்க வேண்டும். உறவில் விலகி நிற்கும் உயிரினங்கள் ஒரே தேவைக்கு ஒத்த உறுப்பைப் பெறும் இக்குவி பரிணாமத்தை மெய்ப்பிக்க, இவ்வளவு தொலைவான இணையே சிறந்த சான்று.

புரதம் பற்றிய கேள்வி வேறு வகையானது. மலர்த்தேனில் புரதம் மிகக் குறைவு. பறவை பூச்சிகளைப் பிடித்து அதை ஈடுசெய்ய, பொசம் மகரந்தத்தையே நம்பியிருக்கிறது. இதைக் கொண்டு, பறவை உடலுக்கு மகரந்தம் போதாது, பைம்மா உடலுக்குப் போதும் என்று முடிவுகட்டுவது எளிது. ஆனால் இரண்டும் கால்வழியில் மட்டுமன்றி, பறத்தல், உடலளவு, இரைதேடும் நேரம் ஆகியவற்றிலும் வேறுபடுவதால், எது காரணம் என்று பிரித்தறிய வழியில்லை. எந்த இரு உயிரினங்களும் ஏதேனும் ஒன்றில் வேறுபடும். ஊகித்த திசையிலேயே அவ்வேறுபாடு அமைய, தற்செயலாகவே பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு. உயிரியலாளர்களான கார்லண்டும் அடால்ஃபும் 1994இல் ஈரின ஒப்பீட்டுக்கு எதிராக எழுப்பிய இத்தடைக்கு இன்றும் மறுப்பில்லை. லோரிக்கீட் கிளிகள் பறவைகளாக இருந்தும் மகரந்தத்தைப் பெருமளவு உண்கின்றன; கிழக்குக் குள்ளப் பொசம் பைம்மாவாக இருந்தும் பூச்சிகளைத் தின்கிறது. இவ்விரண்டையும் சேர்த்த அளவிலேயே அம்முடிவு ஆட்டம் காண்கிறது.

ஒற்றுமையும் எல்லை மீறினால் தீங்காகும். பைட்டாப்தோரா சின்னமோமி என்னும் வேரழுகல் நோய்க்கிருமி பாங்க்சியாக்களைக் கொன்றுவரும் அந்நிலத்தில், பூ அற்றுப்போனால் பறவை வேறிடம் பறந்து பூச்சியையும் தேடிக்கொள்ளும். பொசத்துக்கு அவ்வழி இல்லை. அதன் தேவையைப் பறவையின் அளவுகோலால் மதிப்பிடுவது பெருந்தவறு.