நாடுதலும் நடித்தலும்

மருத்துவமனைக் குறிப்பேட்டுச் சொற்களில் தமிழாசிரியருக்கு என்ன வேலை என்று கேட்போர் உண்டு. நோயாளி ஒருவரைப் பற்றி எழுதிவைத்த ஒரு தொடர், அவரை ஒருமுறையும் கண்டிராத அடுத்த மருத்துவரின் கையை நீளச் செய்யவோ மடங்கச் செய்யவோ வல்லதாயின், அது மருத்துவர்க்கு மட்டும் உரிய பொருளன்று, சொல்லாராய்ச்சிக்கும் உரியதே.

வலி நீக்கும் மருந்தையோ தூக்க மருந்தையோ திரும்பத் திரும்பக் கேட்டு வருவோரை ஆங்கில மருத்துவக் குறிப்புகள் ‘மருந்து நாடுவோர்’ எனப் பொருள்படும் தொடரால் சுட்டுகின்றன. தொடரைத் தனியே நோக்கினால் குற்றமில்லை; மருந்தை நாடாமல் மருத்துவமனைக்கு வருவார் யார்? அத்தொடர் எங்கே கொண்டு வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்கும்போதுதான் உட்பொருள் புலனாகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பத்தாம் பதிப்பைத் தழுவி அமெரிக்கர் தமக்கென ஒரு குறியீட்டு நூல் அமைத்துக்கொண்டு, 2015 அக்டோபர் முதல் வழங்கி வருகின்றனர். அந்நூலின் அகரவரிசையில் இத்தொடரைத் தேடுவோர் இசட் 76.5 என்னும் எண்ணுக்கு அனுப்பப்படுகின்றனர். அவ்வெண்ணின் தலைப்போ, நோயுற்றவர்போல் அறிந்தே நடிப்பவர் என்பது! அபினி வகை மருந்துகளுக்கு ஆட்பட்ட நிலைக்கு எஃப் 11.2 என வேறோர் எண் இருக்கிறது. இது நோயின் பெயர். முன்னது மனிதரைப் பற்றிய தீர்ப்பு. நோயின் பெயரை இடுவதற்கு உலக நிறுவனம் நிபந்தனை விதித்துள்ளது: ஆறு அடையாளங்களுள் மூன்றேனும் ஓராண்டுக்குள் ஒருங்கே காணப்பட வேண்டும். தீர்ப்பை எழுதுவதற்கு மருத்துவர் மனத்தில் ஐயம் எழுந்தாலே போதும் போலும்.

‘நாடு’ என்னும் வினைக்குத் தமிழில் ஒரு பெருமை உண்டு. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தில் ஒரே குறளுக்குள் அது மூன்று முறை வருகிறது. மூன்றிடத்தும் நாடுபவர் மருத்துவரே, நோயாளி அல்லர். நோய் இன்னது, அதன் காரணம் இன்னது, தணிக்கும் வழி இன்னது எனத் தேடுவது அவர் கடமை. அத்தேடல் நின்றுபோன இடத்தில்தான் நோயாளியை ‘நாடுவோர்’ என்று எழுதி ஏட்டை மூடும் வழக்கம் தொடங்குகிறது.

பிறமொழிச் சொற்களும் இங்கு நோக்கத்தக்கன. போதைக்கு ஆட்பட்டவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், கடனைத் தீர்க்க இயலாமல் நீதிபதியின் ஆணையால் கடன் கொடுத்தவர் வசம் ஒப்படைக்கப்பட்ட ரோமானியனைக் குறித்த இலத்தீன் சொல்லின் வழிவந்தது. மலாயில் வழங்கும் ‘பெனாகி’ என்பதன் வேரோ, கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்டலைக் குறிக்கும். செட்டியார் கிட்டங்கிகளின் அருகில் வளர்ந்த பினாங்குத் தமிழருக்கு இது நன்கு விளங்கும். ஒரு மொழி அம்மனிதரைக் கடன்பட்டவராகக் கண்டது; மற்றொன்று கடன் கேட்டு வாசலில் நிற்பவராகக் கண்டது. தமிழில் நாம் ‘அடிமை’ என்கிறோம். 1983-இல் மலேசியா இயற்றிய மறுவாழ்வுச் சட்டமும் ‘பெனாகி டாடா’ என்ற பெயரோடுதான் பிறந்தது.

பினாங்கில் இத்தகைய ஏடுகளுக்கு நெடிய வரலாறு இருக்கிறது. நீரிணைக் குடியேற்ற அரசு அபினி விற்பனையைக் குத்தகைக்கு விட்டு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தன் வருவாயில் ஏறத்தாழப் பாதியை அதிலிருந்தே பெற்றது. 1910-இல் குத்தகையை ஒழித்து அவ்வணிகத்தைத் தானே ஏற்றுக்கொண்டது. பின்னர்ப் புகைப்போர் பெயர்களைப் பதிவுசெய்யும் முறை வந்தது. 1930-களில் அப்பதிவு இறுக்கப்பட்டபோது, புதிதாகப் பெயர் சேர மருத்துவச் சான்று வேண்டியதாயிற்று. 1946-இல் அபினி புகைத்தல் முற்றாகத் தடுக்கப்பட்டது. அன்று மருத்துவர் ஒரு வரி எழுதினால் அபினி கிடைக்கும். இன்று மருத்துவர் ஒரு வரி எழுதினால் வலிமருந்து கிடைக்காது. எழுதுகோலின் வலிமை மட்டும் மாறவில்லை.

பினாங்கில் 1879-இல் பிறந்து, கேம்பிரிட்ஜில் பயின்று திரும்பிய டாக்டர் ஊ லியன் தேயின் வரலாற்றை இங்கு எண்ணாமல் இருக்க முடியாது. நம்மவர் பெயர் தாங்கிய சூலியா தெருவில் மருத்துவம் செய்த அவர், அபினி எதிர்ப்புச் சங்கத்தை நிறுவி, 1906-இல் ஒரு பெரிய மாநாட்டையும் கூட்டினார். அபினி வணிகத்தால் வாழ்ந்தோர் சும்மா இருப்பரா? 1907-இல் அவருடைய மருந்தகம் சோதனையிடப்பட்டது. ஓர் அவுன்ஸ் அபினிச் சாறு அகப்பட்டது. இருமலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் அக்கால மருத்துவர் வழங்கிவந்த மருந்துதான் அது! எனினும் அவர் குற்றவாளியெனத் தண்டம் விதிக்கப்பெற்றார். ஏட்டை மட்டும் படிப்பவர்க்கு அவர் அபினி வைத்திருந்து அகப்பட்டவர். அதனை எதிர்த்துப் போராடியவர் என்பது அந்த ஏட்டில் எங்கும் இராது. அடுத்த ஆண்டே அவர் சீனத்துக்குச் சென்றார். 1910-இல் மஞ்சூரியாவில் மூண்ட கொள்ளை நோயை அடக்கி உலகப் புகழ் பெற்றார்.

நாடுவோர் எல்லாரும் நடிப்பவர் அல்லர் என்பதை மருத்துவர்களே கண்டு எழுதியுள்ளனர். இரத்தப் புற்றுநோயால் வருந்திய பதினேழு வயது இளைஞர் ஒருவர், வலிக்குப் போதிய மருந்து கிடைக்காததால் மேன்மேலும் கேட்டு, போதைக்கு ஆட்பட்டவர்போல் தோன்றியதை 1989-இல் ஒரு கட்டுரை விளக்கிற்று. (அக்கருத்தை மருந்து வணிகர் பிற்காலத்தில் தம் விற்பனைக்குப் பயன்படுத்திக்கொண்டதையும் மறைத்தல் நேர்மையன்று.) 2018-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வு இன்னும் அழுத்தமானது. ஒரே நோயாளியைப் பற்றி இருவகைக் குறிப்புகளை எழுதி, 413 மருத்துவ மாணவரிடமும் பயிற்சி மருத்துவரிடமும் பகிர்ந்து கொடுத்தனர். இழிவு தோன்றும் சொற்களால் ஆகிய குறிப்பைப் படித்தோர், அந்நோயாளியை வெறுத்ததோடு வலிமருந்தையும் குறைத்தே கொடுக்க எண்ணினர்.

இதனால் மருத்துவர் எதையும் எழுதாமல் விடுக என்பது பொருளன்று. ஒரே வாரத்தில் மூன்று கிளினிக்குகளில் ஒரே மருந்தை வாங்குபவர் உண்டு. அதை எழுதாமல் விட்டால், அளவு மீறி உண்டு அவர் மூச்சடங்கவும் கூடும். ஆகவே எழுதத்தான் வேண்டும். நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறு எழுத வேண்டும். ‘மாத்திரை தொலைந்தது என்கிறார், இம்மாதத்தில் இரண்டாம் முறை, இடுப்பு வலி, சென்ற ஆண்டு அறுவை நடந்தது, வேறோரிடத்திலும் மருந்து பெற்றதாகத் தாமே கூறினார்’ என்று எழுதுவதற்கு இரண்டு நிமிடம் ஆகும். ‘மருந்து நாடுவோர்’ என்றெழுத இரண்டு நொடி போதும். நெரிசல் மிகுந்த மருத்துவமனையில் எது வெல்லும் என்று சொல்ல வேண்டுவதில்லை.

இத்தொடருக்குக் கலைச்சொல் ஆக்குவோர், செயலைக் குறிக்குமாறு ‘மருந்து கேட்டு வருதல்’ என்று அமைப்பதே தகும். ‘போதைநாடி’ என ஆளைக் குறிக்கும் பெயராக ஆக்கிவிட்டால், இசட் 76.5-இன் குறை தமிழுக்கும் வந்து சேரும்.