நாளைய வீட்டில் யாருக்கு நேரம் மிஞ்சும்?

வெகுமக்களுக்கான அறிவியல் எழுத்தில் இரண்டு பொருள்களுக்கு வயதே ஆவதில்லை. மனித ஆற்றலின் எல்லை எது என்பது ஒன்று. நாளைய வீடு எப்படி இருக்கும் என்பது மற்றொன்று. வார இதழ்களின் அறிவியல் பக்கம், மாணவர்களுக்கான நூல்கள், இப்போது கைப்பேசியில் ஓடும் காணொளிகள் என்று எங்கே பார்த்தாலும் இவை மாறி மாறி வருகின்றன. மூளையை முழுமையாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளுங்கள் என்கிறது ஒன்று. இனி வீட்டு வேலையை இயந்திரமே பார்த்துக்கொள்ளும் என்கிறது மற்றொன்று.

இந்த எழுத்தால் நமக்குக் கிடைத்த நன்மை பெரிது. அதன் குறைகளும் சிறியவை அல்ல. இரண்டையும் எடைபோட்டுப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது: இயந்திரங்களைப் பற்றி இந்த எழுத்து செய்த தவறுகள் குறைவு, மனிதர்களின் நேரத்தையும் உழைப்பையும் பற்றிச் செய்த தவறுகளே அதிகம்.

நன்மை எது?

தமிழில் பெ. நா. அப்புசாமி தொடங்கி, கோவையிலிருந்து வந்த 'கலைக்கதிர்', தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' என்று ஒரு நீண்ட வரிசை அறிவியலை வகுப்பறைக்கு வெளியே கொண்டுவந்தது. மூளையைப் பற்றி சுஜாதா எழுதிய 'தலைமைச் செயலகம்' நியூரான் என்ற சொல்லைப் பேருந்தில் பத்திரிகை படிப்பவருக்கும் பழக்கமாக்கியது. கல்லூரியில் அறிவியல் படிக்காத ஒருவர் தன் உடலைப் பற்றியும் மூளையைப் பற்றியும் பயமில்லாமல் கேள்வி கேட்க இத்தகைய எழுத்தே வழி திறந்தது. மருத்துவர் சொல்வதைத் தலையாட்டிக் கேட்டுக்கொள்வதற்கும், புரிந்துகொண்டு கேட்பதற்கும் உள்ள தூரத்தைக் குறைத்தது இதுதான்.

இந்த வகை எழுத்து தன் உச்சத்தில் என்ன செய்யும் என்பதற்கு லண்டன் டாக்ஸி ஓட்டுநர்களின் கதை நல்ல சான்று. அங்கே கறுப்பு டாக்ஸி ஓட்ட உரிமம் வேண்டுமென்றால், சேரிங் கிராஸைச் சுற்றி ஆறு மைல் வட்டத்துக்குள் இருக்கும் சுமார் 25,000 தெருக்களை மனத்தில் ஏற்ற வேண்டும். மூன்று நான்கு ஆண்டுகள் மழையிலும் குளிரிலும் மொபெட்டில் சுற்றிச் சுற்றிப் படிக்கிறார்கள். எலனார் மக்வயரும் அவருடைய குழுவினரும் 2000-ஆம் ஆண்டில் இத்தகைய ஓட்டுநர்களின் மூளையை ஸ்கேன் செய்தபோது, இடநினைவோடு தொடர்புள்ள ஹிப்போகாம்பஸின் பின்பகுதி மற்றவர்களுடையதைவிடப் பெரிதாக இருந்தது. பிறவியிலேயே அப்படி இருந்தவர்கள்தான் ஓட்டுநர் ஆனார்களோ என்ற கேள்வி எழுந்தது. 2011-இல் வந்த அடுத்த ஆய்வு பயிற்சி தொடங்கும்போதே 79 பேரை அளந்துவைத்து, பின்னால் மறுபடி அளந்தது. தேர்வில் வென்ற 39 பேரின் மூளையில் மாற்றம் தெரிந்தது, தோற்றவர்களிடம் தெரியவில்லை. அதோடு, வென்றவர்கள் வேறொரு வகைக் காட்சி நினைவுச் சோதனையில் சற்றுப் பின்தங்கியும் இருந்தார்கள்.

ஒரு வளர்ந்த மனிதரின் மூளை உழைப்பால் மாறும் என்பதே வியப்பான செய்தி. அந்த மாற்றத்துக்கு ஆண்டுக்கணக்கில் நேரம் வேண்டும், முயன்ற எல்லாருக்கும் அது கைகூடாது, கைகூடினாலும் ஒரு விலை உண்டு என்பவையும் அதே செய்தியின் பகுதிகள். நல்ல அறிவியல் எழுத்து இவை அத்தனையையும் சேர்த்துச் சொல்லும். மோசமான எழுத்து முதல் வரியோடு நின்றுவிடும்.

ரப்பர் குழாயோடு நிற்கும் இல்லத்தரசி

நாளைய வீட்டைப் பற்றிய கணிப்புகளில் அடிக்கடி பேசப்படுவது 'பாப்புலர் மெக்கானிக்ஸ்' இதழ் 1950 பிப்ரவரியில் வெளியிட்ட கட்டுரை. எழுதியவர் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழின் அறிவியல் ஆசிரியர் வால்டமார் கேம்ப்பெர்ட். 2000-ஆம் ஆண்டில் டாட்டன்வில் என்ற கற்பனை ஊரில் ஜோ, ஜேன் டாப்சன் தம்பதி எப்படி வாழ்வார்கள் என்று அவர் விவரிக்கிறார். உறைய வைத்த உணவு மின்னணு அடுப்பில் விநாடிகளில் சூடாகிறது. கடைக்காரர் தொலைக்காட்சித் திரையில் துணியை விரித்துக் காட்ட, வீட்டிலிருந்தபடியே ஜேன் பொருள் வாங்குகிறாள். தொழில் நடத்துபவர்கள் திரை வழியே கூட்டம் போடுகிறார்கள். இன்றைய மைக்ரோவேவ், வீட்டிலிருந்தே வாங்கும் பழக்கம், காணொளிக் கூட்டம் மூன்றும் இதில் வந்துவிட்டன. சாப்பிட்ட தட்டு சுடுநீரில் கரைந்து போகும், பழைய உள்ளாடையை வாங்கி ஆலைகள் மிட்டாய் செய்யும் என்பவை பொய்த்தன. தொழில்நுட்பக் கணிப்பு என்ற அளவில் மோசமான தேர்ச்சி என்று சொல்ல முடியாது.

அந்தக் கட்டுரையோடு வந்த ஒரு படம்தான் நம்மை நிறுத்துகிறது. மேசை, நாற்காலி, விரிப்பு, திரைச்சீலை எல்லாம் நீர் புகாத பொருளால் ஆனவை. எனவே ஜேன் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு கூடம் முழுவதையும் கழுவித் தள்ளுகிறாள். தரையின் நடுவில் இருக்கும் துளை வழியே நீர் வடிந்துவிடும். சூடான காற்று வீசி எல்லாவற்றையும் உலர்த்திவிடும். சோபா, மேசை, சுவர் எல்லாம் மாறிவிட்டன. குழாயைப் பிடித்திருக்கும் கை மாறவில்லை. அரை நூற்றாண்டுக்கு அப்பால் பார்க்க முடிந்த எழுத்தாளருக்கு, ஜோ அந்தக் குழாயைப் பிடிக்கக்கூடும் என்பது தோன்றவில்லை. ஜேன் அலுவலகம் போவாள் என்பதும் தோன்றவில்லை.

இது ஒருவரின் கவனக்குறைவு என்று விட்டுவிட முடியாது. இந்த வகை எழுத்தின் அடித்தளத்திலேயே இருக்கும் குறை. இயந்திரம் வந்தால் வேலை குறையும் என்று அது சோதிக்காமலே நம்புகிறது. ஜோஆன் வானெக் 1974-இல் 'சயன்டிபிக் அமெரிக்கன்' இதழில் அதைச் சோதித்துக் காட்டினார். வெளியே வேலைக்குப் போகாத அமெரிக்கப் பெண்கள் 1920-களில் வாரத்துக்குச் சுமார் 52 மணி நேரம் வீட்டு வேலை செய்தார்கள்; 1960-களில் சுமார் 55 மணி நேரம். இடையில் மின்சாரம், குழாய்நீர், துவைக்கும் இயந்திரம், குளிர்பதனப் பெட்டி எல்லாம் வந்திருந்தன. துவைக்க எளிதானதும் துணிகள் பெருகின, அடிக்கடி துவைப்பது வழக்கமானது. வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-இல் வெளியிட்ட நூலில் இன்னொரு காரணத்தைச் சுட்டினார்: விறகு பிளப்பது போல ஆண்களும் பிள்ளைகளும் வேலைக்காரர்களும் செய்துவந்த வேலைகளைத்தான் புதிய வசதிகள் முதலில் நீக்கின. மிஞ்சியது முழுவதும் ஒருத்தியின் தலையில் விழுந்தது.

நம் ஊரில் இதற்கு வெட் கிரைண்டரைப் பார்க்கலாம். 1955-இல் கோவையில் பி. சபாபதி உருவாக்கிய இயந்திரம் அது. ஆட்டுக்கல்லின் முன் குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு கையால் குழவியைச் சுற்றி, மறு கையால் மாவைத் தள்ளிவிட்ட தலைமுறைக்கு அது தந்த விடுதலை மெய்யானது. தோளும் இடுப்பும் அறிந்த விடுதலை. 2011-இல் தமிழக அரசு மிக்சி, மின்விசிறியோடு கிரைண்டரையும் விலையில்லாமல் வழங்கியபோது அந்த விடுதலை ஏழை வீடுகளுக்கும் போனது. அதைக் குறைத்துப் பேசுவது நன்றியில்லாத செயல்.

ஆனாலும் கணக்கை முழுதாகப் போட வேண்டும். அரிசியும் உளுந்தும் களைந்து ஊறப்போடுவது, பதம் பார்த்துத் தண்ணீர் விடுவது, கல்லின் இடுக்கில் ஒட்டிய மாவை வழித்தெடுப்பது, கனமான கல்லைத் தூக்கிக் கழுவுவது, உப்புப் போட்டுக் கையால் கரைத்து வைப்பது எல்லாம் அப்படியே இருக்கின்றன. பல வீடுகளில் பண்டிகைக்கும் விருந்தாளிக்கும் மட்டும் என்றிருந்த இட்லியும் தோசையும் அன்றாடப் பலகாரமாயின. அரைக்கும் பாடு போயிற்று. அரைக்கும் நாட்கள் கூடின. அமெரிக்கச் சலவைக்கு நடந்ததே இங்கே மாவுக்கும் நடந்தது.

இயந்திர மனிதர்களைப் பற்றிய இன்றைய கட்டுரைகளும் இதே பாதையில்தான் போகின்றன. முதியோரைக் கவனிக்க ரோபோக்களை நம்பிய ஜப்பானில், ஒரு பராமரிப்பு இல்லத்தில் தங்கி ஆராய்ந்த ஜேம்ஸ் ரைட், 2023-இல் வந்த தம் நூலில் எழுதியது கவனிக்கத்தக்கது. ரோபோவை அறைக்கு அறை நகர்த்த, துடைக்க, இயக்க, முதியவருக்கு விளக்க, பக்கத்திலேயே நின்று கண்காணிக்க ஊழியர்களுக்குக் கூடுதல் வேலை சேர்ந்தது.

உறங்கும் ஆற்றல் என்ற ஆசை

மனித ஆற்றலைப் பற்றிய எழுத்தின் குறையும் இதே இடத்தில்தான் இருக்கிறது. மொசார்ட் விளைவை எடுத்துக்கொள்வோம். 1993-இல் 'நேச்சர்' இதழில் வந்த சிறு கட்டுரை அது. கலிபோர்னியாவில் 36 கல்லூரி மாணவர்கள் பத்து நிமிடம் மொசார்ட்டின் இசையைக் கேட்டபின், இடம் சார்ந்த சிந்தனைச் சோதனையில் சற்று நன்றாகச் செய்தார்கள். பலன் நீடித்தது கால் மணி நேரம்கூட இல்லை. அந்த ஆய்வில் குழந்தை ஒன்றும் இல்லை. ஆயினும் மொசார்ட் கேட்டால் குழந்தை அறிவாளியாகும் என்று அது உலகைச் சுற்றியது. 1998-இல் ஜார்ஜியா மாநில ஆளுநர் ஜெல் மில்லர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு தர 1,05,000 டாலர் கேட்டார். பின்னால் வந்த ஆய்வுகள், மனத்துக்குப் பிடித்த எதையாவது கேட்டாலே அந்தச் சிறு ஊக்கம் வரும் என்று காட்டின. ஸ்டீபன் கிங் கதையை ரசித்தவர்களுக்குக் கதை கேட்டபோதும் அது வந்தது.

நாம் மூளையில் பத்து விழுக்காடே பயன்படுத்துகிறோம் என்ற கூற்றும் அப்படியே. உடல் எடையில் ஏறக்குறைய 2 விழுக்காடே இருக்கும் மூளை, உடல் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. பத்தில் ஒன்பது பங்கு சும்மா கிடக்கும் உறுப்புக்கு உடல் இவ்வளவு தீனி போடாது. ஆனாலும் உள்ளே புதையல் இருக்கிறது, சாவி கிடைத்தால் போதும் என்ற எண்ணம் இனிக்கிறது. சாவி விற்பவர்கள் வந்துவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டு நகரங்களில் பெருகிய 'மிட் பிரெய்ன் ஆக்டிவேஷன்' வகுப்புகள் இந்த விதையிலிருந்து முளைத்தவை. கண்ணைக் கட்டிய பிள்ளை மேடையில் நிறம் சொல்கிறது, எழுத்து வாசிக்கிறது, பெற்றோர் ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டுகிறார்கள். நடுமூளை கண்ணசைவையும் கண்பாவை சுருங்குவதையும் ஒலி சார்ந்த சைகைகளையும் கையாளும் சிறு பகுதி. கண்ணுக்குள் ஒளி நுழையாவிட்டால் அதனால் எதையும் பார்க்க முடியாது. மூக்கோரத்தில் கட்டுக்கும் கன்னத்துக்கும் நடுவே விழும் இடுக்கை முழுதாக அடைத்தால் வித்தை நின்றுவிடும். இதில் என்னை மிகவும் வருத்துவது பணம் அல்ல. அந்த இடுக்கு வழியாகப் பார்க்கிறோம் என்று பிள்ளைக்குத் தெரியும். கைதட்டும் அம்மா அப்பாவின் முன்னால் அதைச் சொல்ல முடியாமல் ஒரு பொய்யைச் சுமக்கும்படி ஆகிறது.

இரண்டும் சேரும் இடம்

வீட்டைப் பற்றிய கணிப்பும் ஆற்றலைப் பற்றிய வாக்குறுதியும் ஒரே பிழையைச் செய்கின்றன: நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. திறமை என்பது ஒருவரின் ஆண்டுகளை வாங்கிக்கொண்டு வளர்வது. ஆண்டர்ஸ் எரிக்சன் குழுவினர் 1993-இல் பெர்லின் வயலின் மாணவர்களைப் பற்றி எழுதியது அதைத்தான். மால்கம் கிளாட்வெல் 2008-இல் அதைப் பத்தாயிரம் மணி நேர விதியாகப் புகழ்பெறச் செய்தார். பயிற்சி மட்டுமே எல்லாம் அல்ல என்று பிந்தைய ஆய்வுகள் திருத்தின. ஆனால் அந்த ஆயிரக்கணக்கான மணி நேரம் எங்கிருந்து வரும் என்ற கேள்வியை யாரும் வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை.

கொண்டுபோனால் விடை கண்முன் நிற்கும். 2019-இல் இந்தியா நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்கு அதில் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். அந்த வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடம். அதுவும் ஆண்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான் அதைச் செய்தார். அக்கா பாத்திரம் துலக்கும் நேரத்தில் தம்பி கணக்குப் போடுகிறான் என்றால், இருபது வயதில் இருவரின் திறனுக்கும் நடுவே தெரியும் இடைவெளியை மூளை ஸ்கேனில் தேடுவதில் பொருளில்லை. அது அடுக்களைக்கும் படிக்கும் மேசைக்கும் நடுவே பிறந்தது.

இவ்வளவு நுணுக்கம் பார்த்தால் வியப்பு போய்விடும், வியப்பு இல்லையென்றால் படிக்க ஆள் வராது என்று எழுதுபவர்கள் சொல்வதுண்டு. நியாயமான கவலைதான். எளிமைப்படுத்தாமல் அறிவியலை யாருக்கும் சொல்ல முடியாது. ஆனால் டாக்ஸி ஓட்டுநர்களின் கதையில் தோற்றவர்களைச் சேர்த்ததால் வியப்பு குறையவில்லை, கூடியது. எளிமை என்பது சொல்லும் முறையில் இருக்க வேண்டும். ஆய்வில் இருந்தவர்கள் யார், எத்தனை பேர், பலன் எவ்வளவு நேரம் நின்றது என்ற மூன்றும் சேர்ந்து ஒரே வரியில் அடங்கும். அந்த ஒரு வரி இருந்திருந்தால் மொசார்ட் தொட்டில்வரை போயிருக்க மாட்டார்.

ஆகவே இந்த எழுத்து வேண்டும். தமிழில் இன்னும் பெருக வேண்டும். அதன் அளவுகோல் மாற வேண்டும் என்பதே என் வாதம். நாளைய வீட்டைப் பற்றி எழுதுபவர் கருவியின் விலையைச் சொல்வதோடு, அதை யார் கழுவுவார், அது யாருக்கு எத்தனை நிமிடம் மிச்சப்படுத்தும் என்றும் விசாரித்து எழுதட்டும். மனித ஆற்றலைப் பற்றி எழுதுபவர், அந்த ஆற்றல் வளர எத்தனை ஆண்டு பிடித்தது, அந்த நாட்களில் அவருக்குச் சோறு வடித்தது யார் என்றும் எழுதட்டும். இவை எழுத்தின் சுவையைக் கெடுக்கும் கேள்விகள் அல்ல. வாசகர்களில் பாதிப் பேர் நாள்தோறும் மனத்துக்குள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விகள். அவற்றுக்குப் பதில் சொல்லும் கட்டுரைதான் அவர்களுக்காக எழுதப்பட்ட அறிவியல்.