சூட்சுமம் யாருக்குச் சொல்லப்படுகிறது? கடல் தூண்டில்காரர்களின் தோழமை குறித்து

எர்னெஸ்ட் ஹெமிங்வேயின் 'கடலும் கிழவனும்' நாவலில் வாய்திறந்து பேசும் பெண் ஒருத்திதான். அவளும் கடைசிப் பக்கத்தில்தான் வருகிறாள். சுற்றுலா வந்தவள். கரையோரக் குப்பைக்கு நடுவே ஒரு பெரிய மீனின் முதுகெலும்பும் வாலும் மிதப்பதைப் பார்த்து, அது என்ன என்று பணியாளிடம் கேட்கிறாள். சுறாக்கள் அந்த மீனைத் தின்றுவிட்ட கதையைச் சொல்ல அவன் முயல்கிறான். அவனுடைய ஆங்கிலத்தில் 'சுறா' என்ற ஒற்றைச் சொல்தான் வெளியே வருகிறது. சுறாவுக்கு இவ்வளவு அழகான வால் இருக்கும் என்று தனக்குத் தெரியாது என்கிறாள் அவள். எனக்கும் தெரியாது என்கிறான் கூட வந்த ஆண்.

வகுப்பில் இந்தப் பக்கத்தை வாசிக்கும்போது மாணவிகள் சிரிப்பார்கள். மூன்று நாள் போராட்டத்தைக் கூடவே இருந்து பார்த்த வாசகருக்கு அந்த அறியாமை எரிச்சலூட்டும் என்பது உண்மைதான். ஆனால், தெரியாது என்று சொன்னவர்கள் இரண்டு பேர். நம் நினைவில் நிற்பது பெண் மட்டும். அவள் கேள்வி கேட்டாள் என்பதையும், அவளுக்குக் கிடைத்தது அரைகுறையான பதில் என்பதையும் மறந்துவிடுகிறோம். ஒருவருக்குத் தெரியாமல் போவதற்கு முன்னால், அவரிடம் யாரோ சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். கடலில் பொழுதுபோக்காகத் தூண்டில் போடுகிறவர்களின் உலகத்தையும், அதைப் பற்றி எழுதப்பட்டவற்றையும் நான் இந்தக் கோணத்திலிருந்துதான் வாசிக்கிறேன்.

இந்த உலகத்தில் அறிவு பெரும்பாலும் பேச்சாகவே கைமாறுகிறது. படகுத்துறையிலும், இரை விற்கும் கடையிலும், படகுக்குப் படகு வானொலியிலும் பேசிக்கொள்கிறார்கள். அதற்கு நம்மிடம் பொருத்தமான சொல் இருக்கிறது: சூட்சுமம். மீன் எடுத்தவுடன் வெட்டி இழுக்காதே; வட்டமுள் போட்டிருந்தால் நரம்பை நிதானமாகச் சுற்று, முள் தானாகவே வாயோரத்தில் மாட்டிக்கொள்ளும். ரீலின் பிடிப்பை நரம்பு தாங்கும் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறுக்காதே. கையால் இழுக்காதே, காலை ஊன்றி, இடுப்பிலும் முதுகிலும் பாரத்தை வாங்கி, கழியை மெல்லத் தூக்கு, தாழ்த்தும்போது சுற்று. பறவைகள் வட்டமிடும் இடத்தைப் பார். தண்ணீரின் நிறம் மாறும் கோட்டைப் பார். ஒவ்வொன்றும் ஒரே ஒரு வாக்கியம். யாரும் சொல்லாவிட்டால் அந்த வாக்கியத்தைத் தானாகக் கண்டுபிடிக்கப் பல வருடம் ஆகும்.

சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் நடுவே அந்த வாக்கியம் ஒரு உறவை உண்டாக்குகிறது. முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒரு முடிச்சைப் பற்றி அரைமணி நேரம் பேசிவிட்டு நண்பர்களாகப் பிரிகிறார்கள். போட்டியும் பொறாமையும் உள்ள இடத்தில், மீன் கிடைக்கும் இடத்தை ரகசியமாகப் பொத்திவைக்கும் இடத்தில், இப்படிச் சொல்லிக்கொடுப்பது பெருந்தன்மைதான். அந்தத் தோழமையை நான் குறைத்துப் பேசவில்லை. அதன் வாசலில் யார் நிற்கவைக்கப்படுகிறார்கள் என்பதே என் கேள்வி.

ஆங்கிலத்தில் அச்சான முதல் தூண்டில் நூல் 1496-இல் வெளிவந்தது. தூண்டில் கழி செய்வதையும், குதிரைமுடியில் நரம்பு திரிப்பதையும், ஊசியை வளைத்து முள் ஆக்குவதையும் சொல்லித்தரும் அந்த நூல், ஜூலியானா பெர்னர்ஸ் என்ற கன்னிமடத் தலைவி எழுதியதாக வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அவர்தான் எழுதினார் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அது ஆற்றுமீன் பற்றிய நூல், கடல்மீன் பற்றியதல்ல. ஆனாலும் சொல்லிக்கொடுக்கும் நூல் என்ற வகையே, நிரூபிக்க முடியாத ஒரு பெண் பெயரோடு தொடங்குகிறது.

அடுத்து 1653-இல் ஐசக் வால்ட்டன் எழுதிய 'முழுமையான தூண்டில்காரர்' வருகிறது. ஆண்கள் நடந்துகொண்டே உரையாடி ஒருவருக்கொருவர் கற்பிக்கும் நூல் இது. தூண்டில்காரர்களைச் சகோதரர்கள் என்று அழைக்கும் வழக்கத்தை இலக்கியத்தில் நிலைநிறுத்தியதும் இதுதான். இதில் பெண்கள் இல்லாமல் இல்லை. விடுதிக்காரி சமைக்கிறாள், சுத்தமான விரிப்பு விரிக்கிறாள். பால் கறக்கும் பெண்ணும் அவள் தாயும் பாடுகிறார்கள். ஆசிரியர் பிடித்த மீனை அந்தத் தாயிடம் கொடுக்கிறார், பதிலுக்குப் பாட்டுக் கேட்கிறார். கூட வரும் ஆணுக்கோ மீனை எப்படிப் பிடிப்பது என்று பக்கம் பக்கமாக விளக்குகிறார். பெண்ணுக்கு மீன் கிடைக்கிறது. ஆணுக்குச் சூட்சுமம் கிடைக்கிறது.

உதவிக்கும் சூட்சுமத்துக்கும் உள்ள இந்த வேறுபாடுதான் என் வாசிப்பின் மையம். உதவி, உனக்காக நான் செய்கிறேன் என்கிறது. சூட்சுமம், இனி நீயே செய்வாய் என்கிறது. உதவியில் அன்பு இருக்கலாம். ஆனால் உதவி பெறுகிறவர் அடுத்த முறையும் காத்திருக்க வேண்டும். பெண்ணின் முள்ளில் இரை கோத்துக் கொடுப்பதும், மீன் மாட்டியதும் 'கொண்டா, உன்னால் முடியாது' என்று கழியை வாங்கிக்கொள்வதும் அன்பாகவே நடக்கின்றன. வண்டி ஓட்டக் கற்றுத்தராமல் தினமும் கொண்டுபோய் விடுகிற அன்பைப் பார்த்த நமக்கு இதைக் கூடுதலாக விளக்க வேண்டியதில்லை.

1951-இல் சிஸ்ஸி ஃபாரிங்டன் என்ற அமெரிக்கப் பெண் கடல் தூண்டில் பற்றி ஒரு நூல் எழுதினார். அவருடைய கணவர் கிப் ஃபாரிங்டன் அந்தத் துறையில் பெயர்பெற்ற எழுத்தாளர். மனைவி தன் நூலுக்கு வைத்த தலைப்பைத் தமிழில் 'பெண்களால் மீன்பிடிக்க முடியும்' எனலாம். தமிழ் படித்தவளாக எனக்கு அந்த 'முடியும்' என்ற துணைவினையில்தான் கண் நிற்கிறது. 'ஆண்களால் மீன்பிடிக்க முடியும்' என்று யாரும் தலைப்பு வைப்பதில்லை. முடியுமா என்று கேட்டவர்கள் இருந்ததால்தான் முடியும் என்ற பதில் தேவைப்பட்டது. எப்படிப் பிடிப்பது என்று சொல்லத் தொடங்குவதற்கு முன்பே, பிடிக்க முடியும் என்று அட்டையிலேயே வாதாட வேண்டியிருந்திருக்கிறது. பெண் எழுத்துக்கு எப்போதும் இருக்கும் கூடுதல் சுமை இது.

முடியுமா என்ற கேள்வி பெரும்பாலும் உடல் பலத்தைப் பற்றியது. அதற்குப் பெரு நாட்டின் காபோ பிளாங்கோ கடல் பதில் சொல்லியிருக்கிறது. 1953-இல் அங்கே ஆல்ஃப்ரெட் கிளாசெல் 1,560 பவுண்டு எடையுள்ள கருமார்லின் மீனைத் தூண்டிலில் பிடித்தார். அந்தச் சாதனை இன்னும் முறியடிக்கப்படவில்லை. அவர் மீனோடு போராடிய காட்சிகள்தாம் 1958-இல் வந்த 'கடலும் கிழவனும்' திரைப்படத்தில் சேர்க்கப்பட்டன. 1954-இல் அதே கடலில் கிம்பர்லி விஸ் என்ற பெண் பிடித்த கருமார்லின் 1,525 பவுண்டு. இரண்டுக்கும் வேறுபாடு 35 பவுண்டு, ஏறக்குறைய 16 கிலோ. எழுநூறு கிலோவை ஒட்டிய மீனைக் கைபலத்தால் எந்த மனிதரும் வெல்ல முடியாது. ரீலின் பிடிப்பும், இடுப்புப் பட்டையும், எப்போது இழுப்பது எப்போது விடுவது என்ற அறிவும்தான் வெல்கின்றன. பலம்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்வரை பெண்ணை விலக்குவது இயற்கையாகத் தோன்றும். அறிவுதான் காரணம் என்றால், அதை யார் யாருக்குச் சொன்னார்கள் என்று கேட்டே ஆக வேண்டும். கிளாசெல்லின் மீன் திரையில் ஓடியது. விஸ்ஸின் மீன் பெண்கள் பிரிவுப் பட்டியலில் ஒரு வரியாக இருக்கிறது.

அந்தப் பட்டியலைப் பராமரிப்பது சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கம். 1939-இல் நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் தொடங்கப்பட்டது. ஹெமிங்வே அதன் துணைத்தலைவர்களில் ஒருவராக இருந்தார். அதன் முதல் செயலாளர் ஃபிரான்செஸ்கா லாமாண்ட், அதே அருங்காட்சியகத்தின் மீனியல் அறிஞர். ஆண்களின் வீரக்கதைகளைச் சரிபார்த்து ஏட்டில் பதியும் இடத்தில் ஒரு பெண் அமர்ந்திருந்தார் என்பது எனக்கு ஆறுதல் தருகிறது. செயலாளர் வேலை என்றால் பெண்ணைத்தான் தேடுவார்கள் என்பதும் நினைவுக்கு வந்து அந்த ஆறுதலைக் குறைக்கிறது.

இச்சங்கத்தின் விதிகளில் ஒன்று சுவையானது. மீன் மாட்டியது முதல் கழியையோ ரீலையோ நரம்பையோ வேறு யாரும் தொடக்கூடாது. தொட்டால் சாதனை செல்லாது. கடைசியில் மீன் படகருகே வந்த பிறகு முனைக்கம்பியைப் பிடிக்கவும் கொக்கி போடவும் மட்டும் மற்றவர்களுக்கு அனுமதி உண்டு. இந்த விதிக்கு இரண்டு முகம். மீன் இருக்கும் இடத்துக்குப் படகைக் கொண்டுபோனவர், இரையைத் தைத்தவர், படகைத் திருப்பித் திருப்பி நரம்பைக் காப்பாற்றியவர் என்று பலரின் உழைப்பை ஒரே பெயருக்குக் கீழே மறைத்துவிடுகிறது. புலப்படாத உழைப்பைப் பற்றிப் பேசுகிற நாம் இதை உடனே அடையாளம் கண்டுகொள்வோம். அதே விதி, கழியைப் பெண்ணின் கையிலிருந்து யாரும் பிடுங்கமுடியாதபடியும் செய்கிறது. தொடாதே, வேண்டுமானால் சொல் என்கிறது. உதவியைத் தடுத்துச் சூட்சுமத்தை மட்டும் அனுமதிக்கும் விதி இது. பெண்களுக்காக எழுதப்படாத விதி பெண்களுக்கு உதவும் அபூர்வமான இடங்களில் ஒன்று.

1955-இல் ஃபுளோரிடாவின் பாம் பீச்சில் பெண்களே சேர்ந்து சர்வதேசப் பெண்கள் மீன்பிடிச் சங்கத்தைத் தொடங்கினார்கள். இதைக் கொண்டாடும்போதே ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பாம் பீச் செல்வந்தர்களின் ஊர். தனிப்படகும் சம்பளத்துக்கு மாலுமியும் வைத்துக்கொள்ள முடிந்த பெண்களால்தான் அப்போது மார்லின் தேடிப் போக முடிந்தது. பொழுதுபோக்கு மீன்பிடிப்பின் சூட்சுமங்களில் பலவும் கடலை நம்பிப் பிழைத்தவர்களிடமிருந்து வந்தவை. 'கடலும் கிழவனும்' கதையின் கருவே அப்படி வந்ததுதான். தனியே கடலுக்குப் போய், பிடித்த மார்லினைச் சுறாக்களிடம் இழந்த கியூபா மீனவர் ஒருவரின் கதையை ஹெமிங்வே 1936-இலேயே ஒரு பத்திரிகைக் கட்டுரையில் எழுதிவிட்டார். அந்த மீனவரின் பெயர் நமக்கு வரவில்லை. பாலினத்தைப் போலவே வர்க்கமும் யார் சொல்கிறார், யார் பெயர் நிற்கிறது என்பதைத் தீர்மானிக்கிறது.

நாவலில் சூட்சுமம் கைமாறும் உறவு, கிழவர் சாண்டியாகோவுக்கும் சிறுவன் மனோலினுக்கும் இடையிலானது. இரையையும் ஆழத்தையும் பற்றிய அறிவு அன்பாகவே கடத்தப்படுகிறது. இன்னும் நிறையக் கற்க வேண்டும் என்று சிறுவன் கடைசியில் சொல்லும் இடம் என்னை இன்றும் அசைக்கிறது. ஆனால் அந்தக் குடிசையில் ஒரு மகள் இருந்திருந்தால் இந்தப் பாடம் அவளுக்குக் கிடைத்திருக்குமா? நம் நெய்தல் பாடல்களிலும் தந்தையும் தமையன்மாரும் கடலுக்குப் போகிறார்கள். மகள் காயும் மீனுக்குக் காவலிருந்து பறவை ஓட்டுகிறாள்.

சாண்டியாகோவின் மனைவி புகைப்படமாக மட்டும் இருக்கிறாள். பார்த்தால் தனிமை வாட்டுகிறது என்று அவர் அதைக் கழற்றி, துவைத்த சட்டைக்கு அடியில் வைத்துவிட்டார். இன்னொரு பெண், கடல். சாண்டியாகோ கடலைப் பெண்பாலாகவே நினைக்கிறார். கொடுமை செய்தாலும் அவளால் அதைத் தவிர்க்க முடியாது என்று பரிவோடு நினைக்கிறார். அவர் மதிக்கிற எதிரியான மீனோ ஆண். இரையை எடுக்கும் விதமும் இழுக்கும் விதமும் ஆணுக்குரியவை என்று அவர் முடிவு செய்கிறார். பதினெட்டு அடி நீளம், ஆயிரத்து ஐந்நூறு பவுண்டுக்கு மேல் எடை என்பது கதையில் வரும் கணக்கு.

மீனியல் இங்கே குறுக்கிடுகிறது. மார்லின் இனத்தில் ஆண் மீன் சிறியது. முந்நூறு, முந்நூற்றைம்பது பவுண்டைத் தாண்டுவதே அரிது. ஆயிரம் பவுண்டைத் தொடும் மார்லின் எல்லாமே பெண் மீன்கள். கிளாசெல்லும் விஸ்ஸும் பிடித்தவையும் அப்படித்தான். சாண்டியாகோ சகோதரனாகக் கருதிய, உலக இலக்கியத்தில் வீரத்தின் உருவமாகிவிட்ட அந்த மீன் நிஜக் கடலில் இருந்திருந்தால், பெண்ணாகத்தான் இருந்திருக்கும். இதைச் சொன்ன வருடம் ஒரு மாணவி எழுந்து, "அப்படின்னா அந்தப் புத்தகத்துல முக்கால்வாசி இடத்துல பொண்ணுதான் இருக்கு, இல்லையா மேம்?" என்று கேட்டாள். அதைவிடச் செறிவான விமர்சனத்தை நான் வாசித்ததில்லை.

1997-இல் பெட்டி பாமன் என்பவர் ஃபுளோரிடாவில் பெண்களுக்கான மீன்பிடி வகுப்புகளைத் தொடங்கினார். 'கத்தாமல் சொல்லிக்கொடுக்கும் பள்ளி' என்ற பொருளில் அதற்கு ஒரு செல்லப்பெயர் உண்டு. அந்தப் பெயருக்குள் எத்தனை படகுகளின் கதை இருக்கிறது! கணவரோ தந்தையோ நண்பரோ கத்தியதால் கழியைக் கீழே வைத்துவிட்ட பெண்கள் அங்கே வந்து, முடிச்சுப் போடவும் இரை கோக்கவும் வலை வீசவும் தாங்களே செய்து கற்கிறார்கள். தெரியாது என்று சொல்ல அங்கே யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. தோழமை என்று நான் சொல்வது இதைத்தான்: கேள்வியை முழுதாகக் கேட்டு, பதிலை முழுதாகச் சொல்லி, கழியைத் தொடாமல் பக்கத்தில் நிற்பது.