கூப்பிட்டால் பொருந்த வேண்டும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் மாறும் நேரத்தில் எந்த ஆலை வாசலுக்குப் போனாலும் இரண்டு மூன்று நாய்கள் படுத்திருக்கும். செக்யூரிட்டி எப்போது டிபன் பாக்ஸைத் திறப்பார் என்பது அவற்றுக்குத் தெரியும். எடைமேடை ஏறும் லாரிகளில் எது வாடிக்கை, எது புதுசு என்பதும் தெரியும். அவற்றுக்குப் பெயரும் உண்டு: கருப்பன், செவலை, பொட்டு, மணி. யாரும் உட்கார்ந்து யோசித்து வைத்த பெயர்கள் அல்ல இவை. நாயைப் பார்த்தார்கள், வாயில் வந்தது, ஒட்டிக்கொண்டது. நாய்க்குப் பெயர் வைப்பதை ஒரு கலையாகவே ரசிப்பவன் நான். அந்தக் கலையின் உச்சங்களில் சிலவற்றை இந்த வாசல்களில்தான் கேட்கிறேன்.

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்த இளைஞர்கள் அதே கருப்பனைக் 'காலூ' என்று கூப்பிடுகிறார்கள். அதுவும் நிறம் பார்த்து வைத்த பெயர்தான். ஊர் வேறு, பேச்சு வேறு. கண் ஒன்றாகவே வேலை செய்திருக்கிறது. கருப்பன், காலூ இரண்டும் 'க' என்ற வல்லோசையில் தொடங்குவது நாய்க்கும் வசதி. எந்தப் பக்கத்திலிருந்து அழைப்பு வந்தாலும் அது தலை தூக்குகிறது.

நாயின் பெயரைப் பெரிதாக மதித்த மரபு நம்முடையது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கப் போரிட்டு இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல் அது. அவன் உருவத்தின் அருகிலேயே அவன் நாயும் நிற்கிறது. நாயின் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்துக் காவல் காத்தது என்று அதன் செயலையும் பெயரோடு சேர்த்துப் பொறித்திருக்கிறார்கள். எத்தனையோ ஊர்த்தலைவர்களின் பெயர் மறைந்துபோன நாட்டில், ஒரு நாயின் பெயர் பதின்மூன்று நூற்றாண்டுக்கு மேல் நின்றிருக்கிறது.

இன்னொன்று நம் பக்கத்துக் கதை. திருவாலங்காட்டிலிருந்து அதிகத் தொலைவில்லாத தக்கோலத்தில் 949இல் சோழ இளவரசன் இராசாதித்தன் போர்க்களத்தில் மாண்டான். வென்ற பக்கத்தில் கங்க மன்னன் பூதுகனிடம் மணலேரன் என்ற வீரன் இருந்தான். அவன் வீரத்தை மெச்சி, வேண்டியதைக் கேள் என்றான் மன்னன். அவன் கேட்டது காளி என்ற வேட்டை நாயை. பின்னர் ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு மோதி, அதைக் கொன்று தானும் மாண்டது காளி. அதற்குக் கல் நட்டு, வழிபாட்டுக்கு நிலமும் விட்டார்கள். கர்நாடகத்து ஆதகூரில் கிடைத்த அந்தக் கல் இன்று பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போரில் வென்றவன் பொன்னும் ஊரும் கேட்கலாம் என்றிருக்கும்போது, பெயர் சொல்லி ஒரு நாயைக் கேட்டான் என்றால், அந்த நாயின் பெயரும் அதன் திறமையும் அன்றைக்கு ஒன்றாகவே கலந்திருக்க வேண்டும்.

நம் நாட்டு இனங்கள் ஒவ்வொன்றும் தனக்கேற்ற பெயரைத் தானே சொல்லித் தரும். இராஜபாளையத்தை எடுத்துக்கொள்வோம். பால் வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு. 2005இல் இந்திய அஞ்சல்துறை நாட்டு நாய்களுக்கு வெளியிட்ட தபால்தலைகளில் இடம்பெற்ற நாய் இது. பெரும்பாலோர் இதற்கு 'வெள்ளையன்' என்று வைத்துவிடுகிறார்கள். வெள்ளை எல்லார் கண்ணிலும் படும். அந்த நாயோடு பழகியவர் கண்ணில் படுவது வேறு: அது ஒருவரிடம் மட்டும் மனதைக் கொடுக்கும், மற்றவரை எட்ட நிறுத்தும். அந்த மிடுக்குக்கு 'வேந்தன்' பொருந்தும். ஆனால் இந்த இனத்தில் பெயரைவிட முந்திய காரியம் ஒன்று இருக்கிறது. நிறமி இல்லாத வெண்மை உட்காதையும் பாதிப்பதால் சில குட்டிகள் பிறவியிலேயே செவிடாக இருக்கும். குட்டியின் பின்னால் நின்று கை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் விவரம் தெரிந்தவர்கள் வாங்குவார்கள். காது கேட்காத குட்டிக்கும் வீடு உண்டு. அதன் பெயர் கையசைவாக இருக்கும்.

சிப்பிப்பாறை ஓட்டத்துக்குப் பிறந்தது. ஒட்டிய வயிறு, நீண்ட கால், கூரிய முகம். முழு வேகத்தில் ஓடும்போது ஒவ்வொரு பாய்ச்சலிலும் இரண்டு முறை நான்கு கால்களும் தரையை விட்டு எழும்பிவிடும். முதுகெலும்பு வளைந்து வளைந்து நிமிரும். மோப்பத்தை நம்பாமல் கண்ணால் கண்டதைத் துரத்தும் இனம். இந்த ஓட்டத்துக்கு நான் தேர்ந்த பெயர் 'பைரி'. குளிர்காலத்தில் பழவேற்காடு ஏரிக்கு வந்து சேரும் நீர்ப்பறவைக் கூட்டத்தின் மேல் வானத்திலிருந்து பாயும் வல்லூறு அது. கண்ணும் வேகமும் ஒன்றான பறவையின் பெயர், கண்ணும் வேகமும் ஒன்றான நாய்க்குப் பொருந்தும்.

கன்னி அதே உடல்வாகில் கருமை. புருவத்தின் மேலே இரண்டு பழுப்புப் புள்ளிகள். 'பொட்டு' என்று வைத்தவர் யாராக இருந்தாலும் அவரை வணங்குகிறேன்; அந்த நாய்க்கு அதைவிட நல்ல பெயரை நான் கேட்டதில்லை. கொம்பை இதற்கு நேரெதிர்: சிவந்த உடல், கருத்த வாய், அகன்ற மார்பு, சீக்கிரம் மூளும் சினம். பெரியபுராணத்தில் வேடர் தலைவன் நாகன், கையில் எடுத்தபோது கனத்த பிள்ளைக்குத் திண்ணன் என்று பெயரிட்ட இடம் நினைவுக்கு வருகிறது. பெயர் வைக்கக் கண் மட்டும் போதாது, கையும் வேண்டும். கொம்பைக் குட்டியைத் தூக்கிப் பாருங்கள். தேனி மாவட்டத்து மலையடிவாரத்தில் பிறந்த அந்தக் கனத்துக்குக் 'குன்றன்' என்று சொல்லிப் பார்க்கலாம்.

வெளிநாட்டு இனங்களுக்கும் இதே நியாயம்தான். லேப்ரடாரின் முன்னோர் நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களோடு வலையும் கயிறும் இழுத்தவை. தண்ணீருக்கு அஞ்சாத அந்த நாய்க்குப் பழவேற்காட்டுப் படகோட்டிகளின் பேச்சிலிருந்தே பெயர் எடுக்கலாம்: 'தோணி'. ஜெர்மன் ஷெப்பர்டு மந்தைக்கும் பயிருக்கும் நடுவே நாள் முழுக்க நடந்து, ஆடுகள் எல்லை தாண்டாமல் காத்த இனம். அதை உருவாக்கிய ஸ்டெஃபனிட்ஸ் 1899இல் வாங்கிய முதல் நாயின் பழைய பெயரை மாற்றித் தன் பண்ணையின் பெயரைச் சேர்த்து 'ஹோராண்ட் ஃபான் கிராஃப்ராத்' என்று வைத்தார். அது உரிமையைச் சொல்லும் பெயர். வேலையைச் சொல்லும் பெயர் வேண்டுமென்றால் 'வேலி' இருக்கிறது.

பொருள் பொருந்தினால் மட்டும் பெயர் நிற்காது. ஓசையும் பொருந்த வேண்டும். பெயரை எழுதிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கூப்பிட்டுப் பாருங்கள். தமிழில் கூப்பிடும்போது பெயரின் கடைசி நீளும்: மணீ, பைரீ, வேலீ, கருப்பா. வாசலிலிருந்து தெருக்கோடி வரை போவது அந்த நீட்டம்தான். ஷெப்பர்டுக்கு 'ஆயன்' என்று வைக்க ஆசையாக இருக்கும்; கூப்பிடும்போது அது 'ஆயா' ஆகிவிடும். 'அரண்' தாளில் அழகாக இருக்கும். உரக்க அழைத்தால் நீட்டிப் பிடிக்க அதில் இடமில்லை. 'மணி' இத்தனை தலைமுறையாகத் தேயாமல் இருப்பதற்கு இரண்டே எழுத்தும் நீளக்கூடிய அந்த இகரமுமே காரணம் என்பது என் துணிபு.

உருட்டாலை இரைச்சலும் கொல்கத்தா நெடுஞ்சாலை ஹாரனும் நிறைந்த கும்மிடிப்பூண்டியில் இது இன்னும் முக்கியம். இரைச்சலில் நாய்க்குத் தன் பெயர் கேட்குமா என்று அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் சோதித்தார்கள். பலர் பேசும் சத்தம் பின்னணியில் பெயரைச் சொல்லும் குரல் அளவுக்கே உரக்க ஒலித்தபோதும் நாய்கள் தங்கள் பெயரை அடையாளம் கண்டன. பின்னணி அதைவிட உரக்க ஒலித்ததும் தடுமாறின. புடாபெஸ்டில் 2020இல் நாய்களின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்த ஆய்வு இன்னொன்றைக் காட்டியது: தெரிந்த சொல்லையும், அதில் ஒரே ஒரு ஒலி மாறிய சொல்லையும் அவை பிரித்தறியவில்லை. ஆகவே கட்டளையை ஒட்டி ஒலிக்கும் பெயர் வேண்டாம். 'நிலா' என்று வைத்துவிட்டு 'நில்லு' என்று பழக்கினால், வா என்பதா நில் என்பதா என்று அந்த உயிர் திணறும்.

பொருளும் ஓசையும் கூடி வர நாளாகும். விலை கொடுத்து வாங்கியதோ, திருவள்ளூர்ப் பக்கத்துத் தோப்பில் கிடைத்ததோ, குட்டி வீட்டுக்கு வந்த அன்றே பெயர் தேடி ஓட வேண்டாம். தொல்காப்பியம் நாய்க்குட்டிக்குக் 'குருளை' என்று ஒரு பெயரை ஏற்கெனவே தந்திருக்கிறது. சில நாள் அதுவே போதும். எதற்குக் காது நிமிர்கிறது, எதைப் பார்த்து உறுமுகிறது, யார் காலடியில் போய்ப் படுக்கிறது என்று பாருங்கள். இனம் கொடுத்த குணம் ஒருபுறம் தெரியும். அந்த இனத்தில் அந்த ஒரு குட்டிக்கு மட்டும் உள்ள குணம் இன்னொருபுறம் தெரியும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் பெயர் இருக்கிறது.

நடிகர் பெயரையோ, பிடிக்காதவர் பெயரையோ நாய்க்குச் சூட்டுவது எனக்கு ஒப்புவதில்லை. அந்தப் பெயரில் வைத்தவரின் மனநிலை இருக்கிறது, நாய் இல்லை. நாய் தன் ஆயுளில் அதிகம் கேட்கும் சொற்களில் ஒன்று அதன் பெயர். பத்துப் பன்னிரண்டு ஆண்டு அந்தச் சொல்லுக்காகவே ஓடி வரப்போகிறது. நான் வைத்திருக்கும் சோதனை எளிது: விருந்தாளி ஒருவர் முதலில் பெயரைக் கேட்டு, பிறகு ஓடி வரும் நாயைப் பார்க்கட்டும். பார்த்ததும் அவர் 'சரிதான்' என்று தலையசைத்தால், வைத்தவருக்கு அந்தக் கலை கைவந்துவிட்டது.