அளவுகோலும் ஆளும்

கோபாலபுரத்தில் வாழ்ந்த கலைஞர் கருணாநிதி முதலமைச்சராயிருந்தபோது, 2008ஆம் ஆண்டு, தமிழகத்தில் திருநங்கையர் நல வாரியம் அமைக்கப்பட்டது. 'திருநங்கை' என்னும் சொல்லும் அவ்வாட்சிக் காலத்திலேயே அரசு வழக்கில் நிலைபெற்றது. பழிச்சொற்கள் வழங்கிய இடத்தில் மரியாதைச்சொல் ஒன்று கிடைத்தது. ஆயின், அச்சொல்லுக்குரியோரின் உளத்துன்பத்தை அளக்கும் கருவி எத்தகையது? அதனையே ஈண்டு ஆராயப் புகுகிறோம்.

அமெரிக்க உளவியலறிஞர் ஜேம்ஸ் ஓ நீலும் உடனாய்வாளரும் 1986இல் பால்பங்கு முரணை அளக்கும் வினாநிரல் ஒன்றை வெளியிட்டனர். அதில் 37 கூற்றுகள், நான்கு பிரிவுகள். வெற்றி, அதிகார வேட்கை; உணர்ச்சியை வெளியிடத் தயங்குதல்; ஆண்கள் தமக்குள் அன்பு காட்டக் கூசுதல்; தொழிலுக்கும் குடும்பத்துக்கும் இடைப்பட்ட இழுபறி. கல்லூரி ஆண்மாணவரைக் கொண்டு உருவானது இது. சமூகம் புகட்டும் ஆண்மைக் கருத்தே ஆணையும் வருத்துகிறது என்று அது காட்டிய உண்மையை நாம் மறுக்கவில்லை.

இதனை லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா' என்னும் தன்வரலாற்றோடு ஒப்பிடுவோம். மகன் படிப்பில் முதல்வனாக வேண்டுமென்ற தந்தையின் கண்டிப்பு அந்நூலில் வருகிறது. அச்சுமையை முதற்பிரிவு ஓரளவு காட்டக்கூடும். மூன்றாம் பிரிவோ தடுமாறுகிறது. பிற ஆண்களிடம் அன்பு காட்டுவது பற்றி அது வினவுகிறது. 'பிற' என்ற ஒரு சொல்லே விடையளிப்பவரை ஆண் என்று முடிவுகட்டிவிடுகிறது! முதுகலைப் பட்டம் பெற்றவர் இரயிலில் கையேந்த நேர்ந்த கொடுமைக்கோ 37 கூற்றுகளிலும் இடமில்லை. அம்முரண் அவர் உள்ளத்தில் மட்டும் தோன்றியதன்று. வேலை தர மறுத்த ஊரிலும் இருந்தது.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பும் தமிழகத்தில் 22,364 பேரைப் 'பிறர்' என்ற ஒரே கட்டத்தில் அடைத்தது. திருநங்கைக்கும் திருநம்பிக்கும் இடையேயுள்ள வேறுபாடு அதில் புலப்படாது.

ஃபிக்ஹு நூல்கள் வாரிசுரிமையை வகுக்கையில் 'குன்ஸா'வின் பங்கைத் தனியே பேசின. அங்கே கருதப்பட்டது உடலமைப்பே, உள்ளுணர்வன்று. எனினும் ஆண், பெண் என்னும் இரு பங்குகளில் அடங்காதவருக்கென விதியை விரித்தனர். அவரது உரிமையை நீக்கவில்லை. உளவியலாரும் அவ்வாறே செய்தல் வேண்டும். அவரவர் வாய்மொழியிலிருந்து, அவரவர் தாய்மொழியில் வினாக்கள் பிறக்கட்டும். எண்கள் பின்னர் வரட்டும்.

நம் இல்லங்களிலும் இத்தகைய பிள்ளை பிறக்கலாம். அப்பிள்ளை எந்த அளவுக்குப் பொருந்தவில்லை என்று கணக்கிடுமுன், நம் கையிலுள்ள கோல் யாருக்காகச் செய்யப்பட்டது என்று கேட்பது பெற்றோர் கடன்.